நக்கவாரத் தீவுகள் – கண்டவரும் வாழ்ந்தவரும்

பள்ளிப் பருவத்தில் நாம் பயின்ற வரலாற்று நூல்களில் ‘கண்டுபிடித்தார்’ என்னும் சொல் அடிக்கடி வரும். இன்னார் இந்த ஆண்டில் இந்தத் தீவைக் கண்டுபிடித்தார் என்று மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினோம். அச்சொல்லின் பொருள் யாது என்று அன்று நாம் ஆசிரியரைக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இந்த ஆண்டு விழா மலரில் அச்சொல்லைச் சற்றே நிறுத்தி வினவிப் பார்க்க விழைகின்றோம்.

உலகில் அச்சொல் முற்றும் பொருந்தும் இடங்களும் உள. வட துருவக் கடலில் ஸ்பிட்ஸ்பெர்கன் என்னும் தீவுக் கூட்டம் உண்டு. சீனத்துக்கு வடக்கே ஒரு கடல்வழி தேடிப் புறப்பட்ட டச்சு மாலுமி வில்லியம் பாரென்ட்ஸ் 1596-ஆம் ஆண்டு அதனைக் கண்டார்; கூரிய மலைகள் நிறைந்திருந்தமையால் அப்பெயரை இட்டார். 1873-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டு வைப்பிரெக்ட்டும் பையரும் சென்ற கப்பல் பனியில் சிக்கி மாதக்கணக்காய் மிதந்து, எவரும் அறியாத மற்றொரு தீவுக் கூட்டத்தருகே போய் நின்றது. அதற்குத் தம் பேரரசரின் பெயரால் பிரான்ஸ் ஜோசப் நிலம் என்று பெயர் சூட்டினர். இவ்விரு இடங்களிலும் வந்தவரை வரவேற்கவோ விரட்டவோ மனிதர் இருந்திலர். பனியும் பாறையும் கடற்பறவையுமே இருந்தன. ஆங்கே ‘கண்டுபிடித்தார்’ என்பதில் பிழையில்லை.

மனிதர் வாழும் தீவுக்கு அச்சொல் பொருந்துமா? இவ்வினாவுக்கு விடை தேட நாம் வட துருவம் வரை செல்ல வேண்டியதில்லை. தமிழ்க் கல்வெட்டிலேயே பெயர் பொறிக்கப்பெற்ற ஒரு தீவுக் கூட்டம் வங்கக் கடலில் உள்ளது. அதனை நம் முன்னோர் நக்கவாரம் என்றனர். உலகம் இன்று நிக்கோபார் என்கிறது.

கல்லில் எழுதிய பெயர்

நம் பெங்களூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சென்றால் கோலார் நகர். ஆங்குள்ள கோலாரம்மன் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளைக் காணலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுடன் அக்கோயிலுக்குச் சென்று வந்த குடும்பங்கள் நம்முள் பல இருக்கும். அதே மன்னனின் மெய்க்கீர்த்தி தஞ்சைப் பெரிய கோயிலிலும் பொறிக்கப்பெற்றுள்ளது. 1025-ஆம் ஆண்டை ஒட்டி அவன் கடல் கடந்து அனுப்பிய படை வென்ற ஊர்களின் பட்டியல் அதில் வருகிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், கடாரம் என்று செல்லும் அவ்வரிசையில் மாநக்கவாரமும் ஒன்று. தேன் சொரியும் சோலைகளையுடையது என்ற அடையும் அதற்கு உண்டு.

வரைபடத்தை விரித்துப் பார்ப்போமாயின் அப்பெயர் அங்கு வந்த காரணம் விளங்கும். அந்தமானுக்குத் தெற்கே பத்துப் பாகைக் கால்வாய் என்னும் அகன்ற கடற்பகுதிக்கு அப்பால், வடக்கு தெற்காக ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளத்துக்கு இருபதுக்கு மேற்பட்ட தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. வடகோடியில் கார் நிக்கோபார்; நடுவே சௌரா, தெரெசா, கமோர்ட்டா, நான்கௌரி, கச்சால்; தென்கோடியில் பெரிய நிக்கோபார். அதன் தென்முனையிலிருந்து சுமாத்திரா ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவே. தமிழகத்திலிருந்து கடாரத்துக்குச் செல்லும் கலங்கள் குடிநீருக்கும் தேங்காய்க்கும் நின்று செல்வதற்கு இயற்கை அமைத்த தங்கல் அது.

நக்கம் என்றால் ஆடையின்மை. ஆடையற்றோர் வாழும் நிலம் என்பதே நக்கவாரம் என்பர் அறிஞர். சீனப் பௌத்தத் துறவி இத்சிங் 671-ஆம் ஆண்டு தம் நாட்டினின்று புறப்பட்டு, கடாரம் வழியாக 673-இல் வங்கத்துத் தாமிரலிப்தியை அடைந்தவர். வழியில் கண்ட தீவொன்றை அவரும் ஆடையற்றோர் நாடு என்றே குறித்தார். கப்பலைக் கண்டதும் சிறு படகுகள் நூற்றுக்கு மேற்பட்டவை சூழ்ந்துகொள்ளுமாம். தேங்காயும் வாழைப்பழமும் பிரம்பால் மூங்கிலால் முடைந்த பொருள்களும் கொண்டுவந்து இரும்பைக் கேட்பார்களாம். இரு விரல் அளவு இரும்புத் துண்டுக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் கிடைத்ததாம். ஒன்பதாம் நூற்றாண்டு அரபு வணிகரும் இதனையே எழுதினர். தீவினரின் மொழி தமக்கும், தம் மொழி தீவினருக்கும் விளங்காமையால் கொடுக்கல் வாங்கல் கைச்சாடையாலேயே நிகழ்ந்தது என்ற குறிப்பையும் சேர்த்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வழி வந்த மார்க்கோ போலோ அம்மக்களை விலங்குபோல் வாழ்வோர் என்றார். அவருக்குப் பின் வந்த ஒடோரிக் பாதிரியாரோ அவர்களுக்கு நாய்முகம் என்றே எழுதிவிட்டார்!

பழித்தும் வியந்தும் எழுதிய இத்தனை பேருள் ஒருவரும் அம்மக்களோடு ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை. பேசாத இடத்தில் ஆடையும் முகமும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

தீவினர் தம் கணக்கு

கப்பலின் மேல்தளத்தில் நின்று பார்த்தவர் அறியாத ஒரு வாழ்வு அத்தீவுகளில் இருந்தது. மட்பாண்டம் வனையும் தொழில் அத்தீவுக் கூட்டம் முழுமைக்கும் சௌரா என்னும் சிறு தீவின் பெண்களுக்கே உரியதாய் இருந்தது. கார் நிக்கோபார் மக்கள் ஆண்டின் தக்க பருவத்தில் படகேறி, நட்சத்திரமும் அலையும் பார்த்துச் சௌராவுக்குச் சென்று பானையும் படகும் கொண்டு மீள்வது வழக்கமாய் இருந்தது. திசைகாட்டும் கருவியின்றிப் பெருங்கடலில் போய் வருவோர்க்குத் தம் தீவுகளைப் பிறர் வந்து கண்டுபிடித்துத் தர வேண்டிய தேவை இருந்திராது.

அவர்கள் பேசும் மொழிகள் தமிழுக்கும் மலாய்க்கும் உறவுடையன அல்ல. வட இந்தியப் பழங்குடிகளின் முண்டா மொழிகளும் கம்போடியரின் கெமர் மொழியும் அடங்கும் ஆஸ்திரோ-ஆசிய இனத்தைச் சேர்ந்தவை. தம்மை அவர்கள் ‘ஹோல்சு’ என்று சொல்லிக்கொள்வர் என்றும், அதற்கு நண்பன் என்பது பொருள் என்றும் கூறுவர். அயலார் அவர்களுக்கு இட்ட பெயர் ஆடையில்லாதவன்; அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் நண்பன். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவு பத்துப் பாகைக் கால்வாயினும் அகன்றதன்றோ!

அவர்களிடம் ஏன் எழுதிய வரலாறு இல்லை என்பதற்கு உருக்கமான ஒரு காரணம் உண்டு. நான்கௌரி மொழிக்கு அகராதி தொகுத்தவர் டி ரோப்ஸ்டார்ப் என்னும் டேனிய அதிகாரி. அவர் இறந்தபின் 1884-இல் அது வெளியாயிற்று. இறந்தவர் பெயரை ஒரு தலைமுறை வரை எவரும் உச்சரிக்கலாகாது என்பது அம்மக்களின் வழக்கம் என்று அவர் குறித்துள்ளார். மரம், பறவை முதலிய பொருள்களின் பெயரே ஆட்பெயராகவும் இருக்குமாயின், அச்சொல்லையே விட்டு வேறு சொல் ஆக்கிக்கொள்வார்களாம். பிரிந்தவர் பெயரைச் சொல்லி அவர் ஆவியை வருத்தலாகாது என்ற அன்பும் அச்சமும் கலந்த வழக்கு இது. தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் நமக்கு இது வியப்பைத் தரும். ஆனால் முன்னோர் பெயரைச் சொல்லாத மக்களுக்கு வமிச வரலாறு ஏது? அதனாலேயே அத்தீவுகளின் பழைய வரலாறு முற்றும் அயலார் எழுதியதாய் அமைந்துவிட்டது.

தரங்கம்பாடியிலிருந்து சென்றோர்

இனி ஐரோப்பியர் வருகையைப் பார்ப்போம். இதற்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனியர், அவ்வூரிலிருந்தே நிக்கோபாருக்குக் கப்பல் அனுப்பினர். 1756-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெரிய நிக்கோபாரில் கொடி நாட்டித் தம் அரசர் பெயரால் ‘பிரெடரிக் தீவுகள்’ என்று அழைத்தனர். காய்ச்சல் கண்டு குடியேறியோர் ஒருவர் பின் ஒருவராய் மடிந்தனர். 1760-இல் கமோர்ட்டாவுக்கு மாறினர். காய்ச்சலும் உடன் வந்தது.

1768 முதல் மொரேவியத் திருச்சபையார் நான்கௌரியில் தங்கிச் சமயப் பணி செய்ய முயன்றனர். அவர்கள் பொன்னையோ மிளகையோ நாடி வந்தவர் அல்லர். தம் கையால் நிலம் திருத்தி உண்டவர். ஆயினும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் பலர் அத்தீவிலேயே புதைக்கப்பட்டனர். பலர் தரங்கம்பாடிக்கு மீண்டும் அங்கே உயிர் துறந்தனர். 1787-ஐ ஒட்டி அப்பணி கைவிடப்பட்டது. அவர்களுள் உயிர் தப்பிய ஹென்ஸல் என்பவர் எழுதிய கடிதங்கள் 1812-இல் நூலாய் வந்தன. நல்ல உள்ளம் மட்டும் போதாது என்பதற்கு அந்நூல் சான்று.

டேனியர் கை தளர்ந்திருந்த வேளையில் 1778-இல் ஆஸ்திரிய அரசியின் சார்பில் வில்லியம் போல்ட்ஸ் என்பவரின் கப்பல் வந்து அங்கு ஆட்களை இறக்கியது. தெரெசா தீவின் பெயர் அவ்வரசி மரியா தெரேசாவை நினைவூட்டுவது என்பர். தலைவராய் விடப்பட்டவர் 1783-இல் இறந்தார். தாய்நாட்டினின்று உதவி வாராமையால் எஞ்சியோரும் அகன்றனர். துருவத்தில் ஆளில்லா நிலத்துக்குத் தம் பேரரசர் பெயரிட்ட ஆஸ்திரியர், அதற்குத் தொண்ணூற்றைந்து ஆண்டு முன்னரே ஆள் வாழும் நம் கடல் தீவுகளில் பெயரிட முயன்று தோற்றனர்.

அக்காய்ச்சலுக்குக் காட்டின் நச்சுக் காற்றே காரணம் என்று அக்காலத்தார் நம்பினர். உண்மைக் காரணம் பிற்காலத்தில் தெரிந்தது. 1883-இல் நம் பெங்களூர்த் தண்டில் மருத்துவராய் இருந்தபோது தேங்கிய நீரை அகற்றினால் கொசு குறையும் என்பதைக் கவனித்த ரொனால்டு ராஸ் என்பவரே, 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவின் உடலுள் மலேரியாக் கிருமியைக் கண்டார். அவ்வறிவு நூறு ஆண்டு முந்தி வந்திருப்பின் நிக்கோபாரின் வரலாறு வேறாகியிருக்கக்கூடும்.

1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்ற டேனியர் நிக்கோபாரை மட்டும் விற்கவில்லை. 1846-இல் ‘கலாத்தியா’ என்ற கப்பலை அனுப்பி ஆராய்ந்தனர். பெரிய நிக்கோபாரில் ஓடும் ஆறு ஒன்று இன்றும் அக்கப்பலின் பெயரைத் தாங்குகிறது. இறுதியில் 1868-இல் தம் உரிமையை ஆங்கிலேயருக்கு விற்றனர். 1869 முதல் 1888 வரை ஆங்கிலேயர் நான்கௌரித் துறைமுகத்தருகே கைதிகள் குடியிருப்பு ஒன்றை நடத்தி, பிறகு அதனை மூடினர். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கொடிகள் மாறின, பெயர்கள் மாறின. தென்னையும் படகும் அவற்றின் உடையவரிடமே இருந்தன.

மொழி அறிந்த இருவர்

தோற்றோர் கதையே இதுவரை சொன்னோம். தோலாதவர் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் காப்பியத்தில் வருபவர். மற்றவர் அண்மைக் காலத்தவர்.

மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் கதையை நாம் அறிவோம். சூதிலும் பரத்தையிடத்தும் பொருள் இழந்து, வணிகம் செய்யக் கலம் ஏறினான். கலம் உடைந்தது. ஒடிந்த மரத்தைப் பற்றி நக்க சாரணர் வாழும் மலைப்பக்கம் சேர்ந்து, ஒரு மரநிழலில் அயர்ந்து உறங்கினான். அவனைத் தின்னச் சூழ்ந்து எழுப்பினர் அவர். சாதுவன் விழித்து அவர் மொழியிலேயே பேசினான். சூழ்ந்தவர் விலகினர், தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். இறுதியில் சந்தனமும் அகிலும் தந்து அவனை அவ்வழி வந்த கப்பலில் ஏற்றியும் விட்டனர். அம்மலை நக்கவாரமே என்பார் சிலர். அன்று என்பார் சிலர். மனிதரைத் தின்பவர் என்ற பழி நிக்கோபாரியருக்குப் பொருந்தாது. இடம் எதுவாயினும் புலவர் உணர்த்திய உண்மை ஒன்றே: வாளும் பொருளும் இல்லாத சாதுவனைக் காத்தது பிறர் மொழியில் அவனுக்கிருந்த பயிற்சி.

மற்றவர் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார் நிக்கோபாரின் மூஸ் என்னும் ஊரில் சமய ஆசிரியராகவும் அரசின் முகவராகவும் அமர்ந்தார். பள்ளி நடத்தினார், நாட்குறிப்பு எழுதினார். ஊரில் நடக்கும் விழா, நோய், நிலநடுக்கம், வந்து போகும் கலங்கள் அனைத்தும் அக்குறிப்பில் இடம்பெற்றன. கொடி நாட்டி ஆண்டவர்கள் ஆண்டுக்கணக்கில் அறியாததை, மக்களிடையே குடும்பமாய் வாழ்ந்த ஓர் ஆசிரியர் அறிந்தார். அவரிடம் பயின்ற சிறுவருள் ஒருவரே பின்னாளில் ஆயர் ஜான் ரிச்சர்ட்சன் என்று புகழ்பெற்ற நிக்கோபாரியர். பர்மாவின் மாந்தலேயில் கல்வி கற்று, சொந்த ஊருக்கே ஆசிரியராய்த் திரும்பினார். தம் தாய்மொழியை எழுத்தில் அமைத்து விவிலியத்தை அதில் பெயர்த்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிடியில் தீவு பட்ட கொடுந்துயரைத் தம் மக்களோடு தாமும் பட்டார். இந்தியக் குடியரசின் முதல் மக்களவையில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் நியமன உறுப்பினராய் அமர்ந்தார். ஆயிரம் ஆண்டு அயலார் எழுதி வந்த தீவைப் பற்றி, அத்தீவின் மகன் ஒருவர் நாடாளுமன்றத்தில் பேசும் காலம் வந்தது.

நமக்கு இதில் என்ன?

சுதந்திரத்துக்குப் பின் அத்தீவுகளில் தமிழரும் குடியேறினர். இலங்கைத் தோட்டங்களினின்று தாயகம் திரும்பிய குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் அமர்த்தப்பெற்றன. 1969 முதல் பெரிய நிக்கோபாரில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை பழங்குடியென்றும் வந்தேறியென்றும் பாராமல் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டது. பெரிய நிக்கோபாரின் தென்முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கின் அடி கடலில் நின்றது. அத்தீவின் காட்டில் வாழும் ஷோம்பென் மக்கள் 2011 கணக்கெடுப்பில் 229 பேரே. அவர்கள் தீவின் கலாத்தியா விரிகுடாவில் பெருந்துறைமுகம் அமைக்கும் திட்டத்துக்கு 2022-இல் சுற்றுச்சூழல் இசைவு அளிக்கப்பட்டது. அதன் நன்மை தீமையை அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர். நாம் கேட்பது ஒன்று: அந்த 229 பேரின் மொழியில் அவர்களைக் கேட்டறிந்தவர் எத்தனை பேர்?

இக்கேள்வி திரும்பி நம்மையும் நோக்கும். 1809-இல் பெங்களூரில் தண்டு அமைந்தபோது படையோடும் தொழிலோடும் வணிகத்தோடும் வந்தவர் நம் முன்னோர் பலர். பின்னர்க் கோலார்த் தங்கவயலுக்கும் ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வந்தவர் பலர். இராசேந்திரன் கல்வெட்டு கோலாரில் உளது என்று பெருமை பேசுகின்றோம், பேசலாம். ஆனால் அக்கோயில் வாயிலில் பூ விற்கும் அம்மையார் கன்னடத்தில் கேட்பதற்கு விடை சொல்ல இயலாமல் விரலைக் காட்டி விலை பேசுவோமாயின், அரபு வணிகர் கைச்சாடையில் தேங்காய் வாங்கியதற்கும் நமக்கும் வேறுபாடு யாது? நம் பாட்டிமார் பள்ளி செல்லாதவர். ஆயினும் சந்தைக்குச் சென்று கன்னடம் பேசிப் பழகி, அண்டை வீட்டாரோடு உகாதியும் பொங்கலும் பகிர்ந்தனர். ஐம்பது ஆண்டு இங்கு வாழ்ந்தும் பேருந்துப் பலகையின் கன்னட எழுத்தைப் படிக்க இயலாதோர் நம்முள் இன்றும் உளர். நம் வீட்டுப் பிள்ளைகளுட் சிலரோ தமிழ் எழுத்தையும் அறியாது, கன்னட எழுத்தையும் அறியாது வளர்கின்றனர். இதனைக் குறையாகச் சொல்லவில்லை; கவலையாகச் சொல்கின்றோம்.

நம் சங்கம் தமிழ் வகுப்பு நடத்துவது நம் பெயரை நாம் மறவாதிருக்க. அதே கூடத்தில் கன்னட வகுப்பும் நடைபெறுமாயின், இந்நகரத்தார் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொள்கின்றனர் என்பதை நாம் அறிவோம். நம்மையும் அவர்கள் நண்பரென்று அழைப்பர். சாதுவன் அன்று செய்ததை நாமும் செய்ய முற்படுவோமாக.